பாப்லர் மரத்தடி மேடு

எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம், எவ்வளவு உயரமான இடம், எவ்வளவு நல்ல காற்று என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காற்றுக்காக யாரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் ஊர் நோவா வெர்பாவில் ஏர் இறங்காத ஒரே இடம் அதுதான். உக்ரேனிலிருந்து கடல் தாண்டி இந்தக் கனடாவுக்கு வந்து, காடு வெட்டி, கல் பொறுக்கி, முதல் உழவு உழுதபோது அந்த மேட்டில் மட்டும் கொழு கல்லில் முட்டி முட்டி வளைந்தது. என் அண்ணன் செமென் ஏரைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இது செத்தவங்களுக்குத்தான் லாயக்கு" என்றார். எந்த நேரத்தில் அப்படி வாயைத் திறந்தாரோ தெரியாது. அங்கே முதலில் போனது அவருடைய மகள்தான்.

நான் பராஸ்கா, செமெனின் தங்கை. பதினாறு வயதில் அண்ணன் குடும்பத்தோடு கப்பல் ஏறியவள். இப்போது எனக்குப் பல்லும் போய்விட்டது, பொறுமையும் போய்விட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் எங்களுக்கு வீடு என்று எதுவும் கிடையாது. தரையைத் தோண்டி, மேலே மரமும் புல்லோடு பெயர்த்த மண்ணும் போட்டு மூடிய ஒரு பொந்து. அதில் இரண்டு குடும்பம். ஒன்று என் மதினி ஹாஃபியா. இன்னொன்று, அதே ஊரிலிருந்து அதே கப்பலில் வந்த தெக்லா. ஆண்கள் இரண்டு பேரும் ரயில்பாதை வேலைக்குப் போயிருந்தார்கள். மதினிக்கு ஒரிஸ்யா என்று ஒரு மகள், தெக்லாவுக்கு லெவ்கோ என்று ஒரு மகன். இரண்டும் நடக்கப் பழகிய வயது. ஜனவரியில் தட்டம்மை வந்தது. ஒரே வாரத்தில் இரண்டும் போய்விட்டன.

புதைக்க முடியவில்லை. கடப்பாரை போட்டால் மண்ணிலிருந்து தீப்பொறி பறந்தது. இந்த நாட்டுக் குளிர் அப்படி. பக்கத்து நிலத்து இளைஞன் இல்கோ, கப்பலில் கொண்டுவந்த மரப்பெட்டிகளை உடைத்து, இரண்டு சின்னச் சவப்பெட்டி அடித்துக் கொடுத்தார். மதினி தன் கல்யாணப் பவள மாலையில் ஒரு சரத்தை அறுத்து மகள் கழுத்தில் போட்டாள். தெக்லாவிடம் பவளம் ஏது? புருஷனுடைய பழைய பட்டாளக் கோட்டிலிருந்து ஒரு பித்தளைப் பொத்தானைப் பிய்த்து, மகன் சட்டையில் தைத்துவிட்டாள். பெட்டிகளை எங்கள் பொந்தின் கூரைமேல் பனியில் புதைத்து, நரி தோண்டாமல் இருக்கக் கல் அடுக்கினோம்.

தலைக்கு மேலே தன் பிள்ளை படுத்திருக்க, கீழே ஒரு தாய் எப்படித் தூங்குவாள்? தூங்கினார்கள். வேறு என்ன செய்வது? குளிர்காலம் முடிகிற வரைக்கும் அப்படித்தான் தூங்கினோம்.

ஏப்ரலில் வெயில் வந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. இனி ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது என்று எல்லோருக்கும் புரிந்தது. மதினி அப்போது வயிற்றில் நெஸ்தோரைச் சுமந்துகொண்டிருந்தாள். பிள்ளைத்தாச்சியைக் கல்லறை மேட்டில் கால் வைக்க விடமாட்டோம், எங்கள் வழக்கம் அது. தெக்லா காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தாள். இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான் நகர முடியாது. சாமியார் என்று ஒருவர் சுற்று வட்டாரத்திலேயே கிடையாது. ஆக, இல்கோதான் தனியாளாக இரண்டு பெட்டியையும் மாட்டுச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார்.

இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம். "முடிஞ்சிது" என்றார். அவ்வளவுதான்.

மதினி வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளய எங்கடா வெச்ச? அந்த ஒத்த மரம் நிக்குமே, அதுக்குக் கீழயா?"

"ஆமா அக்கா. மரத்தடியிலதான்."

காய்ச்சல் இறங்கி தெக்லா எழுந்து உட்கார்ந்ததும் அவளும் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் அதே பதில்தான். "மரத்தடியிலதான் அக்கா."

அந்த மேட்டில் இருந்தது ஒரே ஒரு பாப்லர் மரம். அதன் கீழே ஒரு மண்மேடு, நாலு எட்டு தள்ளி வெட்டவெளியில் இன்னொன்று. இரண்டிலும் பெயர் எழுதாத சிலுவை. இல்கோவுக்கு எழுதத் தெரியாது. அழுகிற பெண்ணிடம் 'இல்லை' என்று சொல்லவும் தெரியாது. இதெல்லாம் தெரிந்தேதான் இரண்டு வருஷம் கழித்து நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

விஷயம் உடைந்தது, எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த முதல் சாமியார் எங்கள் பக்கம் வந்தபோது. அதுவரை இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் அழுதுவிட்டு வந்தார்கள். சாமியார் இல்லாமல் புதைத்த குழிகளுக்கு எல்லாம், மண்வெட்டியால் நாலு பக்கமும் சிலுவை கீறி, தீர்ப்பு நாள்வரை யாரும் திறக்கக் கூடாது என்று முத்திரை வைப்பார்கள். பிறகு அவரவர் கல்லறையில் உட்கார்ந்து, கோலாச் ரொட்டியும் சாயமேற்றிய முட்டையும் வைத்து, செத்தவர்களோடு சேர்ந்து சாப்பிடுவோம். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அது. மதினியும் தெக்லாவும் ஆளுக்கொரு கூடையோடு வந்து, ஒரே மேட்டில் உட்கார்ந்தார்கள்.

"என்ன தெக்லா, இடம் மாறி உக்காந்துட்ட? இது எம்மவ."

"உம்மவளா? நல்லாருக்கே கதை. இது என் லெவ்கோ. உன்னுது அங்க, வெயில்ல."

"வெயில்ல வெக்க எம்புள்ள என்ன வறட்டியா? மரத்தடின்னு இல்கோ எங்கிட்ட வாயால சொன்னான்."

"எங்கிட்ட மட்டும் மூக்காலயா சொன்னான்?"

இல்கோவைத் தேடினால் ஆளைக் காணோம். குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அன்றைக்குக் குதிரை குடித்த தண்ணீருக்கு ஒரு குளமே வற்றியிருக்கும். கடைசியில் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினால், தலையைச் சொறிந்துகொண்டு, "மறந்துபோச்சு" என்றார். இரண்டு பெண்களும் அவரைத் திட்டியதை நான் இங்கே சொல்ல முடியாது.

வீட்டில் நான் விடுவேனா? "எங்கிட்டயாச்சும் சொல்லுங்க. எது யாருது?"

"ரெண்டு புள்ளைங்களும் அங்கதான இருக்கு. விடு பராஸ்கா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு மதினியும் தெக்லாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே பொந்தில் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள், தேவாலயத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஒவ்வொரு வருஷமும் மரத்தடி மேட்டின் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். ஆளுக்கொரு முட்டை, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. வெட்டவெளி மேட்டுப் பக்கம் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே ஒரு ரொட்டித் துண்டு வைத்தால் தோற்றுவிட்டதாக ஆகிவிடுமே. அதில் புல் பிடுங்கினது, சுற்றிலும் கல் பதித்து வெள்ளையடித்தது எல்லாம் இல்கோதான். எல்லோரும் போன பிறகு ஒரு முட்டையை அங்கே வைத்துவிட்டு வருவார். இளகின மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் போய்ச் சேர்ந்தார். குளிர்காலத்தில் மரம் வெட்டப் போன இடத்தில் மரம் அவர்மேல் சாய்ந்தது. மேட்டின் கீழ்ச்சரிவில் வைத்தோம். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கும் கதவு காற்றில் ஆடினால், பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறாரோ என்று தலை தானாகத் திரும்புகிறது. கிழவிக்கு ஆசையைப் பார் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. மண் எழுந்து புகையாகப் பறந்தது. செமென் அண்ணன் அதற்கு முன்பே, ரயில்பாதை வேலைக்குப் போன இடத்தில் கண்ணை மூடி, அங்கேயே அடக்கமாகிவிட்டார். நெஸ்தோர் தனியாகக் கட்டி இழுத்துப் பார்த்தான், முடியவில்லை. நிலத்தைக் கொடுத்துவிட்டு, மேற்குக் கடற்கரைக்கு, மரம் அறுக்கும் ஆலை வேலைக்குப் போவதென்று முடிவு செய்தான். மதினியையும் கூட்டிக்கொண்டுதான்.

மதினி மாட்டேன் என்று சொல்லவில்லை. "வரேன். ஆனா ஒரிஸ்யாவும் வரணும்" என்றாள்.

நெஸ்தோருக்குப் புரியவில்லை. "அம்மா, அவதான் செத்து..."

"எனக்குத் தெரியாதாடா? நாந்தான பெத்தேன். எலும்பு எடுத்து ஒரு பெட்டியில வெச்சுக் குடு. மடியில வெச்சிட்டு வரேன். இங்க ஒத்தையா விட்டுட்டுப் போனா யாருடா அவளுக்கு ஒரு முட்டை வெப்பா?"

"அத்தை இருக்காங்கல்ல?"

"அத்தைக்கே பாதி நாள் யாராவது சோறு வெக்கணும்" என்றாள் மதினி, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. பிறகு குரல் உடைந்துவிட்டது. "பராஸ்கா, ஊர விட்டு வந்தப்ப எங்கம்மா கல்லறைய விட்டுட்டு வந்தேன். அது ஒண்ணு போதாதா? இன்னொரு தடவ என்னால விட்டுட்டுப் போக முடியாதுடி."

சரி, தெக்லாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று எழுந்தேன்.

நான் பேசுவதற்குள் செய்தி தெக்லாவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் மரத்தடி மேட்டின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டாள். மருமகன் பான்கோவைக் காவலுக்கு வேறு நிறுத்தியிருந்தாள்.

"எம்மவன் மேல ஒருத்தி மம்பட்டி வெச்சா, அவள இங்கயே படுக்க வெச்சிருவேன்னு உங்க மதினிகிட்ட போய்ச் சொல்லு."

மதினி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "காது கேக்குதுன்னு அவகிட்ட சொல்லு" என்றாள்.

அந்த வாரம் சாமியார் வருகிற முறை. முத்திரை வைத்த கல்லறையைத் தீர்ப்பு நாளில் ஆண்டவர்தான் திறப்பார் என்று அவர் முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டார். இளவயது சாமியார், படித்தவர், பாவம். நான் சொன்னேன், "சாமி, ஆண்டவர் வந்து தொறக்கறப்ப அந்தப் புள்ளைங்க எழுந்து நின்னு, எங்கம்மா யாருன்னு கேக்கும். அதுவரைக்கும் இவங்க ரெண்டு பேரும் இதே மேட்டுல உக்காந்து சண்ட போட்டுட்டிருக்கணுமா?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "தொறந்தா மட்டும் எது யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எம்மவ கழுத்துல பவளம்" என்றாள் மதினி.

"எம்மவன் சட்டையில பித்தளப் பொத்தான்" என்றாள் தெக்லா. சொன்ன பிறகு அவள் முகத்தில் ஒரு பயம் வந்தது. இத்தனை வருஷம் அழுத இடம் தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டால்? மதினிக்கும் அதே பயம்தான், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆனாலும் இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாமியார் ஜெபம் சொல்லி முத்திரையைப் பிரித்தார். நெஸ்தோரும் பான்கோவும் மரத்தடி மேட்டைத் தோண்டினார்கள். மேல்மண் சுலபமாக வந்தது. ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கீழே மஞ்சள் களி. கட்டியாக, அடுக்கடுக்காக, மரத்து வேர் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு. இடுப்பளவு போனார்கள். பலகை இல்லை, துணி இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. பான்கோ களியைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தான்.

"அத்தே, இது மனுஷன் தோண்டுன மண்ணே இல்ல. ஒலகம் உண்டானதுலேர்ந்து இப்படியேதான் இருக்கு."

"அப்ப எம்புள்ள எங்கடா?" என்று கேட்டது மதினியா தெக்லாவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒன்றாகத்தான் வந்தது. தெக்லா குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மதினி அவளைப் பார்த்தாள். அவள் மதினியைப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

யாரும் சொல்லாமலேயே நெஸ்தோர் வெட்டவெளி மேட்டுக்குப் போனான். அங்கே மண் வெண்ணெய் மாதிரி இறங்கியது. நெஞ்சளவு ஆழத்தில் மக்கின பலகை தென்பட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணை ஒதுக்கினான். பெட்டிமேல் பெட்டி. மேல்பெட்டியின் அடிப்பலகை எப்போதோ உளுத்து, கீழ்ப்பெட்டிக்குள் இறங்கிவிட்டிருந்தது. கோழிக்குஞ்சு எலும்பு மாதிரி கொஞ்சம் எலும்பு. அவன் உள்ளங்கையில் அள்ளிக் காட்டின மண்ணில் சிவப்பாக நாலைந்து பவளமும், பச்சை பூத்த ஒரு பொத்தானும் சேர்ந்தே கிடந்தன.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. மரத்தடியில் வேரும் உறைந்த மண்ணும் கடப்பாரையை விடவில்லை. வெயில் பட்டு இளகின இடம் இந்த ஒன்றுதான். அதிலும் ஒரு குழிக்குமேல் தோண்ட அவர் கையில் தோல் மிச்சமில்லை. பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருக்கும். இரண்டையும் ஒரே குழியில் வைத்துவிட்டு, இரண்டு தாய்களும் அழ இரண்டு இடம் வேண்டுமே என்று, மண்ணைக் கொத்திக் கூட்டி மரத்தடியில் ஒரு வெறும் மேடு கட்டி, அதில் ஒரு சிலுவையையும் நட்டுவிட்டு வந்திருக்கிறார் அந்த மனுஷன். பாவி, இருபது வயதுப் பிள்ளை அப்போது. அந்த வெறும் மேட்டுக்குத்தான் இந்த இரண்டு பெண்களும் ஆயுசு பூராவும் அடித்துக்கொண்டார்கள்.

நான் விறுவிறுவென்று சரிவில் இறங்கி அவர் கல்லறை முன்னால் போய் நின்றேன். "ஏன்யா, எங்கிட்டகூடச் சொல்லலையே. நான் என்ன ஊரக் கூட்டியா சொல்லியிருப்பேன்?" என்று கேட்டேன். சொல்லியிருப்பேன்தான். அது அவருக்கும் தெரியும். அந்தக் குழியை இத்தனை காலம் நெஞ்சுக்குள் ஒற்றையாளாகச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் படுத்திருந்தாரே என்று நினைத்தபோது, திட்ட வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அவர் முதுகை ஒரு தடவை தடவிக் கொடுத்தால் போதும் போலிருந்தது. முதுகுக்கு எங்கே போவது?

மேலே திரும்பி வந்தபோது நெஸ்தோர் இன்னும் குழிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான். "அம்மா, எது நம்மளுது? நான் எதை எடுக்கட்டும்?"

மதினி குழியருகே மண்டியிட்டு உற்று உற்றுப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் தெக்லாவும் மண்டியிட்டிருந்தாள். பிரிக்கிற மாதிரி அங்கே எதுவும் இல்லை.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போ" என்றாள் தெக்லா திடீரென்று. "பிரிச்சா உடைஞ்சிரும். நீ எடுத்துட்டுப் போ ஹாஃபியா. எம்மவனுக்கும் சேத்து ஒரு முட்டை வெய்யி."

மதினி தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு மகனைப் பார்த்து, "மூடுடா" என்றாள். "ஒத்தையா கெடக்கறாளேன்னுதான் கூட்டிட்டுப் போக நெனச்சேன். அவ ஒரு நாளும் ஒத்தையா இருந்ததில்ல." அப்புறம் குழிக்குள் குனிந்து, மெதுவாக, தூங்குகிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்: "நாந்தான் தாயி, இத்தன வருஷமா உனக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்துட்டேன். அம்மாவ மன்னிச்சுக்க."

நெஸ்தோர் கையிலிருந்ததை அப்படியே திரும்ப வைத்தான். தெக்லா தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள், அதை மேலே விரித்தார்கள். சாமியார் மறுபடியும் மண்வெட்டியால் நாலு பக்கமும் சிலுவை கீறினார்.

எல்லாம் முடிந்து பான்கோ மரத்தடிக் குழியை மூடப் போனபோது, தெக்லா அவனைத் தடுத்தாள். "சும்மா நெரவி விடு. மேடு கட்டாத."

மதினி மகனிடம் திரும்பினாள். "நெஸ்தோர், உங்கூட வரேன். அங்க உனக்குச் சமைச்சுப் போடறேன், பேரப்புள்ளைங்களப் பாத்துக்கறேன். ஆனா செத்தா என்னை இங்க கொண்டாரணும்."

"அம்மா, கடற்கரையிலேர்ந்து இங்க ரயில்ல நாலு நாள்..."

"ஆப்பிள் வருதுல்ல ரயில்ல? அழுகாமதான வருது? நானும் வருவேன்."

அவன் சரி என்று தலையாட்டினான். மதினி எழுந்து, பாவாடையில் ஒட்டின மண்ணைத் தட்டாமல், தெக்லா முன்னால் போய் நின்றாள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. தெக்லா நிரவிய மண்ணைக் காலால் காட்டினாள்.

"போய்ட்டு வா. எடம் சும்மாதான் கெடக்கு, ரெண்டு பேருக்குத் தாராளமா போதும். நான் முந்திட்டேன்னா ஓரமா ஒதுங்கிப் படுத்துக்கறேன்."